கறவை வரிசை

பார்வைக்குத் தொட்டிப் பாலில் ஒரு குறையுமில்லை.
மணம் சரி. கொதிக்கவைத்தேன், திரியவில்லை.
சாராயம் கலந்தும் கட்டி தட்டவில்லை.
எண்ணும் கருவி மட்டும்
மில்லிக்கு ஏழு லட்சம் அணுக்கள் என்றது.
ஏதோ ஒரு மாட்டின் உடம்பு
வெளியே சொல்லாமல் சண்டை போடுகிறது.

விடியுமுன் லிம் சூ காங்.
கல்லறைகள் தாண்டி, மீன்பண்ணைப் பலகை தாண்டி,
ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"தோலைப் பாருங்க மேடம், கண்ணாடி" என்றார் குணாளன்.
தைப்பூசத்துக்குப் பதினோரு நாள்.
பால்குடங்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டார்.

கறப்பவர் சவரிநாதன், பேராவூரணிக்காரர்.
மாடுகளின் காதில் எண் உண்டு;
அவர் அதைச் சொல்வதில்லை.
ஞாயிறு தேக்காவுக்குப் போகையில்
ரயிலில் அறிவிக்கும் பெயர்கள்தான் அவற்றுக்கு.
"இவ கிராஞ்சி. அவ மார்சிலிங்.
உதைக்கிறவ அட்மிரல்ட்டி."
உட்லண்ட்ஸ் போன வருடம் செத்துப்போனதாம்.
சொல்லும்போது தொப்பியைக் கழற்றினார்.

என்னிடம் நான்கு கிண்ணம் பதித்த ஒரு தட்டு.
காம்புக்கு ஒரு கிண்ணம்.
முதல் பீச்சல் தரைக்கு,
அடுத்தது கிண்ணத்துக்கு,
அதே அளவு ஊதா மருந்து,
மணிக்கட்டால் ஒரு சுழற்று.
நல்ல பால் ஊதாத் தண்ணீராய் ஓடும்.
மற்றது தயங்கும்.

கிராஞ்சி: நான்கும் ஓடின.
மார்சிலிங்: முன் வலது ஓடியது, முன் இடது ஓடியது,
பின் வலது ஓடியது.
பின் இடது
முட்டை வெள்ளைக்கருவாய்த் திரண்டு
கிண்ணத்தின் நடுவில் மேடு கட்டி நின்றது.
மடியில் வீக்கமில்லை. சூடுமில்லை.
அசைபோட்டபடி என் கையுறையை முகர்ந்தாள்.

"ஒண்ணுதானே" என்றார் குணாளன்.
அட்மிரல்ட்டியில் ஒரு காம்பு.
செம்பவாங்கில் இரண்டு.
யீஷூனுக்கு வந்தபோது
மூவருமே பேச்சை விட்டிருந்தோம்.
தெங்கா பக்கமிருந்து ஒரு போர்விமானம்
வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
மாடுகள் நிமிரவில்லை.

எந்த வரிசையில் கறப்பீர்கள் என்று கேட்டேன்.
"ரயில் போற வரிசையில."

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன்.
வெந்நீரில் நனைத்த துண்டு.
ஒவ்வொரு மடியையும் கறக்குமுன்
மடிப்பு மடிப்பாய், காம்பு காம்பாய்,
அவசரமே இல்லாமல் துடைத்துவிடுவார்.
வாளியில் அலசுவார், பிழிவார், அடுத்த மடி.
ஒரே துண்டு.
கைவேலையில் அசட்டையான ஆள் என்றால்
இவ்வளவு தூரம் பரவியிருக்காது.

படிவத்தில் 'பரவிய வழி' என்ற கட்டத்தில்
துணி என்று எழுதினேன்.
'பொறுப்பு' என்ற கட்டத்தில் ஒரு கோடு.

நான்கு மாடுகளுக்கும் ஊசி.
மருந்து இறங்கும்வரை அவற்றின் பால் சாக்கடைக்கு.
குணாளன் குரலைத் தாழ்த்தினார்:
"பால்குடத்துப் பாலை யார் குடிக்கப்போறா?
சிலைமேலதானே ஊத்துறாங்க?"
சவரிநாதன் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"வழிஞ்சு வர்றப்ப கையில ஏந்திக் குடிக்கிறாங்கண்ணே.
வேடிக்கை பார்க்கப் போனப்ப
எனக்கும் கொடுத்தாங்க."

இரண்டு நாளில் ஆய்வகத் தட்டில்
மஞ்சள் பொட்டுகளாய் முளைத்திருந்தன கிருமிகள்.
தாலிக்கடையில் வைத்தால் விலை கேட்பார்கள்,
அப்படி ஒரு பொன்னிறம்.

தொலைபேசியில் சொன்னேன்:
மாட்டுக்கு ஒரு துணி. கையுறை.
நோயுற்ற நாலும் கடைசியில்,
எல்லாவற்றுக்கும் கடைசி மார்சிலிங்.
மறுமுனையில் கொஞ்சநேரம் வாளிச் சத்தம்.
"ரயில் அப்படிப் போகாதே மேடம்."
போகட்டும் என்றேன்.

சாயங்காலம் ஒரு படம் அனுப்பினார்.
கொடி நிறைய வெள்ளைத் துணிகள்,
மூலையில் மைப்பேனாவால் பெயர்கள்.
காயப்போடுவதில் பழைய வரிசைதான்.
சரிபார்க்கப் பெரிதாக்கி
ஒவ்வொன்றாய் வாசித்துக்கொண்டு போனேன்:
கிராஞ்சி, மார்சிலிங்,
உட்லண்ட்ஸ்.